செம்பு மயில எந்த ஃபிரேம்ல மாட்டறது? ஏற்காடு ஒரு கணக்கு, சேலம் ஒரு கணக்கு

ஏற்காட்டுல நம்ம வீட்டு கேட்டுக்கு செம்புத் தகட்டுல மயில் அடிச்சு இரும்பு கிரில் மேல நேரா ரிவெட் போட்டு விட்டோம்ங்க, மூணாவது மழைக்குள்ள மயில் ஜம்முனு நிக்குது, அது உக்காந்திருந்த கம்பி மட்டும் பொரபொரன்னு உதிருது. செம்பும் இரும்பும் ஒட்டி இருந்து நடுவுல ஈரம் நின்னா அது ஒரு பேட்டரி, அதுல கரையறது எப்பவும் இரும்புதான்.

இப்ப மாத்தணும்னு மூணு நாலு ஜோடி பாத்தேன்.

எம்எஸ் (மைல்ட் ஸ்டீல், சாதா இரும்பு) ஃபிரேம் + செம்பு: விலை கம்மி, எந்தப் பட்டறையிலயும் பண்ணுவாங்க. ஆனா இரும்புக்கு மட்டும் பெயிண்ட் அடிச்சா பத்தாது, பெயிண்ட்ல ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் மொத்த அரிப்பும் அந்த ஒரு இடத்துலயே குத்தி இறங்கும், அதனால தொடற இடத்துல செம்புப் பக்கமும் கோட்டிங் வேணும், நடுவுல நைலான் வாஷர், போல்ட்டுக்கு புஷ் (போல்ட்டைச் சுத்தி மாட்டற குழாய் உறை). இதையெல்லாம் பாத்துப் பாத்து பண்ற ஆள் கிடைச்சா சரி.

எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல ஒரு ரகம்) + செம்பு: என் ஓட்டு இதுக்குத்தான். ரெண்டும் குணத்துல கிட்டக்கிட்ட, சண்டை கம்மி. 1886-ல நிறுத்துன அமெரிக்க சுதந்திர தேவி சிலையிலயும் உள்ள இரும்புப் பட்டை, வெளிய செம்புத் தோல், நடுவுல வச்ச அஸ்பெஸ்டாஸ் துணி வீணாப் போய் இரும்பு அரிச்சு, 1986-ல முடிஞ்ச ரிப்பேர்ல 316எல் எஸ்எஸ் பட்டையும் டெஃப்லான் டேப்பும் போட்டாங்க. உருக்காலை இருக்கற ஊர்ல எஸ்எஸ்க்கு பஞ்சமில்ல, மலிவு ரகமான 202-ஐ தலையில கட்டிடாம பாத்துக்கங்க, காந்தம் வச்சா ரெண்டுமே பெருசா ஒட்டாது, அதுல கண்டுபிடிக்க முடியாது, பில்லுல கிரேடு எழுதி வாங்குங்க. இரும்பு அறுத்த டிஸ்க்கால எஸ்எஸ்ஸ தேய்க்க விட்டா அதுலயும் துருப்புள்ளி வரும்.

கார்ட்டன் (மேல படியற துருவே காப்பா நிக்கற ஸ்டீல்) + எஸ்எஸ் போல்ட்: அந்த துரு நிறமே அழகு. நனைஞ்சு காஞ்சு, நனைஞ்சு காஞ்சாதான் அந்தத் துரு கெட்டியா படியும். கீழ சேலம் வெயிலுக்கு பிரமாதம், மேல பனிமூட்டம் நாள்கணக்கா நிக்கற இடத்துல காயவே காயாது, அரிச்சுக்கிட்டே போகும். ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) போல்ட் மட்டும் போடாதீங்க, சின்ன போல்ட் பெரிய தகடு, துத்தநாகம் சீக்கிரமே காலி. வெள்ளைச் சுவத்துல காவி வழியறதுக்கும் ஒரு வழி பண்ணிக்கணும்.

ஜிஐ, அலுமினியம் ரெண்டும் செம்புக்குக் கீழ வேணவே வேணாம். தொடாம இருந்தாலும் செம்புல பட்டு வழியற மழைத்தண்ணியே ஓட்டை போட்டுடும்.

நான் 304-க்கு ஆர்டர் குடுத்துட்டேன், தகட்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல நைலான் புஷ் வச்சு விரல் நுழையற இடைவெளி, தண்ணி நிக்காம காத்து போகட்டும்னு. மயில் கறுத்துப் போச்சு, புளி போட்டு தேய்ச்சுத் தரவான்னு அம்மா கேக்கறாங்க, வேணாம்மா அந்த கறுப்புதான் அதுக்கு சட்டைன்னு சொல்லி வச்சிருக்கேன்.