மறையூர் வெல்லம் என்று ஏமாந்த கதை

போன மாதம் நான், மனைவி, மாமா மூன்று பேரும் உடுமலையிலிருந்து காரில் கேரளத்தில் இருக்கிற மறையூர், காந்தளூர் போய் வந்தோம். ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டிச் சின்னாறு காட்டுக்குள் போகிற அந்த ரோட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மழை மறைவுப் பகுதி என்பதால் கீழே கள்ளியும் முள்ளுமாகக் கிடக்கும், மேலே மறையூர் வந்ததும் கரும்புக்காடாகப் பச்சையாகிவிடும். குறையெல்லாம் மறையூரில் டீ குடிக்க இறங்கியதிலிருந்துதான்.

"அண்ணா, எந்த ஊருங்க?" என்று ஒருத்தர் வந்தார். உடுமலை என்றதும் "நம்ம ஊருங்களா!" என்று ஒட்டிக்கொண்டார். (அங்கே எங்கு திரும்பினாலும் தமிழ்தான், அது ஒரு தகுதியே இல்லை என்று அப்போது தோன்றவில்லை.) வெல்லம் காய்ச்சுகிற ஆலையைக் காட்டுகிறேன் என்று ஒரு கொட்டகைக்குக் கூட்டிப்போனார். கொப்பரை காய்ந்து கிடந்தது, அடுப்பில் சாம்பல்கூடச் சூடில்லை. கேட்டால் "இன்னிக்கு வெட்டு இல்லீங்க, நேத்துக் காய்ச்சுனது இருக்கு" என்றார்கள். அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். கிலோ 220 என்று ஐந்து கிலோ வாங்கினோம். பில் கேட்டதற்கு ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து மாமா ஒரு உருண்டையை உடைத்தார். மேலே கருப்பு, உள்ளே வெளுத்த மஞ்சள். வாயில் போட்டவர் "உப்புக் கரிக்குது மாப்ள, இது நம்ம பக்கத்து வெல்லம்" என்றார். சின்ன வயதில் ஆலைக்கொட்டகையில் வேலை பார்த்தவர், நாக்கு பொய் சொல்லாது. சந்தேகத்தில், அங்கே எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் மனைவிக்குப் பின்னால் அடுக்கியிருந்த சாக்குகளில் உடுமலை மண்டி ஒன்றின் பெயர்! இங்கிருந்து மலையேறிப் போன வெல்லத்தை நாங்கள் பெட்ரோல் போட்டுப் போய் மூன்று மடங்கு விலை கொடுத்துத் திருப்பி எடுத்து வந்திருக்கிறோம். இன்னும் நாலு கிலோ பாக்கி, காபி குடிக்கும்போதெல்லாம் மாமா "மறையூர் வெல்லந்தானே?" என்று கேட்டுக் கேட்டு உயிரை எடுக்கிறார்.

மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு பெயருக்கே விலை ஏறியதால்தான் இந்த வேலை. அசல் நல்ல கரும்பழுப்பு, உப்பு குறைவு, கையால் உருட்டுவதால் உருண்டை ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் ஹைட்ரோஸ் என்கிற வெளுக்கும் ரசாயனம் போட்டதாக இருக்கலாம். அடுப்பு எரிகிற ஆலையில், கண்ணெதிரே உருட்டுவதைச் சூட்டோடு வாங்குங்கள். வாங்கும் முன் ஒன்றை உடைத்துத் தின்று பாருங்கள், கூச்சப்பட வேண்டாம்.

அப்புறம், அதே ஆள் கிளம்பும்போது காதோரம் வந்து "சந்தனக்கட்டை சின்னதா ஒண்ணு வேணுங்களா?" என்றார். வெல்லத்தில் ஏமாந்தால் காசோடு போகும். இதை வாங்கிக் காரில் வைத்துக்கொண்டு செக்போஸ்டில் மாட்டினால் வனத்துறை வழக்குத்தான்.