பட்டியலைத் திருத்துவதா, புதிதாக எழுதுவதா? பைதன் பழகுவோருக்கு ஓர் ஒப்பீட்டு அலசல்

பைதன் என்ற நிரல்மொழியில், பல மதிப்புகளை வரிசையாக வைத்திருக்கும் பட்டியல் (‘லிஸ்ட்’) ஒன்றை மாற்ற இரண்டு வழிகள் உண்டு. கையிலுள்ள பட்டியலிலேயே அழித்தும் சேர்த்தும் திருத்தலாம். அல்லது அதைத் தொடாமல் வைத்துவிட்டு, வேண்டியவற்றை மட்டும் கொண்ட இன்னொரு பட்டியலை எழுதிக்கொள்ளலாம். திருகோணமலையில் உயர்தரத் தகவல் தொழினுட்ப மாணவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கும் எனக்கு, தொடக்கநிலைப் பிழைகளில் பெரும்பங்கு இந்த இரண்டையும் பிரித்தறியாததால் வருவதாகவே படுகிறது. சாதாரண தரத்தில் பஸ்கால் என்ற நிரல்மொழியைப் படித்துவிட்டு வருவோருக்கு இது இன்னும் சிக்கலானது. அங்கே பட்டியலுக்கு ஈடாக இருக்கும் அணியின் அளவை முதலிலேயே அறிவித்துவிடுவார்கள். அது நீளாது, சுருங்காது. ஐந்தாவது இடத்தில் இருப்பது கடைசிவரை ஐந்தாவது இடத்திலேயே இருக்கும். பைதன் பட்டியலிலோ நடுவில் ஒன்றை நீக்கினால், பின்னால் நிற்பவை எல்லாம் ஓரிடம் முன்னுக்கு வந்துவிடும்.

இந்த நகர்வு என்ன செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். சல்லி என்ற ஊரின் கரையில் கரைவலை இழுத்த பின் கூடை கூடையாக நிறுத்த எடைகள் [12, 3, 4, 20, 2] என்று வைத்துக்கொள்வோம். 5 கிலோவுக்குக் குறைந்த கூடைகளைக் கறிக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை வியாபாரிக்குக் கொடுக்க வேண்டும். மாணவர் ஒருவர் முதலில் எழுதுவது, பட்டியலை ஒரு ‘ஃபோர்’ வளையத்தில் ஓடவிட்டு, 5ஐ விடச் சிறியது வரும்போதெல்லாம் அதை நீக்கும் ‘ரிமூவ்’ கட்டளையைக் கொடுப்பது. முதலில் 12; அது தங்குகிறது. அடுத்தது 3, நீக்கப்படுகிறது. அந்தக் கணத்தில் 4, தான் நின்ற இடத்தை விட்டு 3 இருந்த இடத்துக்கு வந்துவிடுகிறது. வளையமோ தன் எண்ணிக்கைப்படி அடுத்த இடத்துக்குப் போய், அங்கே நிற்கும் 20ஐப் பார்க்கிறது. 4ஐ யாரும் பார்க்கவே இல்லை. முடிவில் கிடைப்பது [12, 4, 20]. பிழைச் செய்தி ஏதும் வராது. நிரல் நல்ல பிள்ளைபோல ஓடி முடிந்துவிடும்.

இதைவிடப் பொல்லாதது, பிழையே தெரியாமல் போகும் சந்தர்ப்பம். அதே நிரலுக்கு [3, 12, 4, 20] என்று கொடுத்துப் பாருங்கள். [12, 20] என்று சரியான விடை வரும். 3 போனவுடன் 12 முன்னுக்கு வந்ததால் அதுவும் பார்க்கப்படாமல் தப்பியது. ஆனால் அது எப்படியும் தங்க வேண்டிய கூடைதான். அடுத்தடுத்து இரண்டு சிறிய கூடைகள் வராதவரை இந்த நிரல் சரியென்றே தோன்றும்.

திருத்தும் வழியிலேயே நின்று இதைச் சரிசெய்யலாம். பட்டியலின் கடைசியிலிருந்து முன்னோக்கி வந்து இட எண்ணைக் கொண்டு நீக்கினால், நகர்பவை எல்லாம் ஏற்கெனவே பார்த்து முடித்தவையாகவே இருக்கும், எதுவும் தப்பாது. நகல் ஒன்றை எடுத்து அதன் மேல் வளையத்தை ஓட்டி, மூலத்தில் ‘ரிமூவ்’ செய்தாலும் விடை சரியாக வரும், ஆனால் வேலை கூடும். ஒவ்வொரு ‘ரிமூவ்’வும் அந்த எண்ணைத் தலையிலிருந்து தேடி, கண்டதும் அதற்குப் பின்னுள்ளவற்றை நகர்த்துவதால், ஒரு முறைக்கு முழுப் பட்டியலும் தொடப்படுகிறது. 10,000 எடைகளில் 5,000ஐ நீக்குவதற்கு ஏறத்தாழ 3 கோடியே 75 இலட்சம் தொடுகைகள். அதே வேலையைப் புதிய பட்டியலாக எழுதினால், 10,000 எடைகளையும் ஒருமுறை பார்த்து, வேண்டியதைப் புதிய பட்டியலின் கடைசியில் சேர்த்தால், அதாவது ‘அப்பெண்ட்’ செய்தால், முடிந்தது. 2000இல் வெளியான பைதன் 2.0 கொண்டுவந்த ‘லிஸ்ட் கொம்ப்ரிஹென்ஷன்’ இதையே ஒரு வரியில் எழுத உதவும். அதை நான் முதல் நாளே காட்டுவதில்லை. நான்கு வரி வளையமாக எழுதிப் பழகிய கைக்கே அந்த ஒரு வரியின் அருமை புரியும்.

புதிய பட்டியலுக்கு நினைவகம் வீணாகிறதே என்று கேட்கும் மாணவர் எப்போதும் ஒருவர் இருப்பார். பட்டியல் பொருள்களை அல்ல, அவற்றின் முகவரிகளையே வைத்திருக்கிறது. 64 பிட் கணினியில் ஒரு முகவரிக்கு 8 பைட். ஆக 10,000 உறுப்புகளுக்கும் 80,000 பைட்தான் கூடுதலாகச் செலவாகும். வகுப்பறைக் கணக்குகளில் இது பேச வேண்டிய தொகையே அல்ல.

அதற்காகப் புதிதாக எழுதும் வழி குற்றமற்றது என்று சொல்லிவிட முடியாது. சிலர் வளையத்துக்குள் ஒவ்வொரு முறையும் பழைய பட்டியலுடன் ஓர் உறுப்புப் பட்டியலைக் கூட்டி, வருவதை அதே பெயரில் வைக்கிறார்கள். ஒவ்வொரு கூட்டலும் முழுப் பட்டியலையும் நகலெடுப்பதால், 10,000 உறுப்புகளைச் சேர்ப்பதற்குள் 5 கோடி நகல்கள் ஆகிவிடுகின்றன. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கூட்டலையும் சமனையும் ஒட்டி (+=) எழுதினால் இருக்கும் பட்டியலே நீளும். பெயர், சமன், பெயர் கூட்டல் என்று விரித்து எழுதினால் புதிய பட்டியல் பிறக்கும். எண்களில் ஒரே விடையைத் தரும் இவ்விரண்டும் பட்டியல்களில் எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்தவை.

அந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பது, ஒரே பட்டியலுக்கு இரண்டு பெயர்கள் இருக்கும்போது தெரியவரும். நேற்றைய கணக்கைப் பாதுகாக்க நினைத்து, ‘நேற்று’ என்ற பெயருக்கு ‘இன்று’ என்ற பட்டியலைச் சமன் போட்டு வைக்கிறார் மாணவர். பிறகு ‘இன்று’இல் ஒன்றை நீக்கினால் ‘நேற்று’இலும் அது காணாமல் போகிறது. பள்ளிக்கூடப் பதிவில் ஒரு பெயரும் வீட்டில் கூப்பிட ஒரு பெயரும் உள்ள பிள்ளையைப்போல இது. வீட்டுப் பெயரைச் சொல்லித் தலைமயிரை வெட்டிவிட்டால், பள்ளிக்கூடத்துக்கும் அதே தலைதான் போகும். செயற்கூறு (‘ஃபங்ஷன்’) ஒன்றுக்குப் பட்டியலை அனுப்பும்போதும் இதுவே நடக்கிறது: உள்ளே செய்யும் திருத்தம் வெளியே நிற்பவரின் பட்டியலிலும் விழும்.

இதில் நானே சுட்டுக்கொண்டவன். கரைவலைச் சம்மாட்டியாக, அதாவது வலைக்குச் சொந்தக்காரராக, இருந்த என் சித்தப்பாவுக்கு ஒருமுறை சிறு நிரல் ஒன்று எழுதிக் கொடுத்தேன். கூடை யாருடையது என்பது ஒரு பட்டியலிலும் அதன் எடை இன்னொரு பட்டியலிலுமாக, இட எண் ஒத்துப்போகும்படி இருந்தன. அன்றைய பெரிய கூடையைத் தலையில் காட்ட விரும்பி, எடைப் பட்டியலை வரிசைப்படுத்த ‘சோர்ட்’ கொடுத்தேன். எடைகள் ஒழுங்காக நின்றன; பெயர்கள் பழைய இடத்திலேயே நின்றன. “தம்பி, நாலு கிலோ சூடை கொண்டுவந்தவனுக்கு எப்படியடா இருபது கிலோ பாரை விழுந்தது?” என்று அவர் கேட்டபோதுதான் விளங்கியது. ‘சோர்ட்டெட்’ பயன்படுத்தியிருந்தால் வரிசைப்படுத்திய இன்னொரு பட்டியல் கிடைத்திருக்கும், மூலம் அசைந்திராது. வரிசைப்படுத்தும் முறை இரண்டுக்கும் ஒன்றே: டிம் பீட்டர்ஸ் 2002இல் பைதனுக்காக எழுதிய ‘டிம்சோர்ட்’. இன்னொரு கவனமும் வேண்டும். ‘சோர்ட்’ பட்டியலைத் திருப்பித் தருவதில்லை. ‘நன்’ என்ற வெறுமையையே தருகிறது. அதன் விடையை அதே பெயருக்குச் சமன் போட்டால், பட்டியல் கைநழுவிப் போய்விடும்.

திருத்தும் வழி ஐயமின்றி வெல்லும் இடம் வரிசையில் நிற்பவர்களின் பட்டியல். 2009இல் பாலம் திறக்கப்படும் முன் கிண்ணியாவுக்குப் போக, ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் படகில் ஏறக் காத்து நின்றவர்களுக்கு இது கண்முன் நிற்கும்: முன்னால் ஒருவர் ஏறுவார், பின்னால் இருவர் வந்து சேர்வார்கள். ஒருவர் ஏறும்போதெல்லாம் புதிய பட்டியல் எழுதுவது வீண்வேலை. ஆனால் சாதாரணப் பட்டியலின் தலையில் உள்ளதை எடுக்க ‘பொப்’ செய்தாலும் மற்ற எல்லாரையும் ஓரடி நகர்த்த வேண்டியிருக்கும். 2004இல் வந்த பைதன் 2.4 அறிமுகப்படுத்திய ‘டெக்’ இரண்டு முனையிலும் நகர்த்தலின்றிச் சேர்க்கவும் எடுக்கவும் விடும். நூறு பேர் நிற்கும் வரிசைக்குப் பட்டியலே தாராளம். இலட்சத்தைத் தொட்டால் ‘டெக்’குக்கு மாறுவதே முறை. ‘சோர்ட்டெட்’டும் அதே 2.4இல்தான் வந்தது என்பதை, இரு கட்சிக்கும் ஒரே நாளில் சீதனம் கொடுத்த கதையாக வகுப்பில் சொல்வேன். கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளைப் போல என்றும் மாறாதவற்றுக்கு இந்த வழக்கே எழாது. அவற்றைத் திருத்தவே முடியாத ‘டியூப்பிள்’ ஆக்கிவிடலாம்.

ஆகவே என் வகுப்பில் முதல் இரண்டு கிழமையும் ‘ரிமூவ்’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதுவதில்லை. வெற்றுப் பட்டியல் ஒன்றைத் திறந்து, வளையத்துக்குள் ‘அப்பெண்ட்’ செய்து நிரப்பவே பழக்குகிறேன். மூன்றாவது கிழமையில் [12, 3, 4, 20, 2] என்று எழுதி, 4 எப்படித் தப்பியது என்று கண்டுபிடிக்கச் சொல்கிறேன்.