வாக்குச்சீட்டா, மெஷினா? பூத்தில் இரண்டையும் கையாண்ட ஆசிரியரின் கணக்கு

ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும், தோற்றது எந்தக் கட்சியாக இருந்தாலும், ‘பழையபடி வாக்குச்சீட்டுக்கே போகலாம்’ என்று ஒரு குரல் கிளம்பும். அரசுப் பள்ளி ஆசிரியர் என்பதால் தேர்தல் பணியில் இரண்டும் என் கைக்கு வந்தன. 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தலில் சீட்டு. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் மெஷின். என் ஓட்டு மெஷினுக்குத்தான், அதுவும் விவிபேட் (போட்ட ஓட்டைத் துண்டுச்சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவி) இணைந்த மெஷினுக்கு.

வேகம், காகிதச் செலவு எல்லாம் ஊருக்கே தெரிந்த கதை. கள்ள ஓட்டும் அப்படித்தான்: சீட்டுக் கட்டைப் பிடுங்கினால் மளமளவென்று குத்தித் தள்ளலாம், மெஷினில் ஒவ்வொரு ஓட்டுக்கும் பூத் அலுவலர் ‘பேலட்’ பொத்தானை அழுத்தி, பீப் சத்தத்துக்குக் காத்திருக்க வேண்டும். ‘குளோஸ்’ அழுத்திவிட்டால் அப்புறம் ஒன்றும் ஏறாது.

எனக்கு முடிவைச் சொன்னது செல்லாத ஓட்டு. ஊரகத் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு நான்கு நிறத்தில் நான்கு சீட்டு: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். நான்கும் ஒரே பெட்டியில் விழும். எண்ணும் மேசையில் நிறம் பிரிக்கவே பொழுது போய்விடும். 2020 ஜனவரி 2 காலையில் தொடங்கிய எண்ணிக்கை பல இடங்களில் மறுநாளும் ஓடியது.

பிரித்த பிறகுதான் வம்பே. இரண்டு சின்னத்துக்கு நடுக்கோட்டில் ஒரு முத்திரை. முத்திரைக்குப் பதில் கைநாட்டு. ஒன்றுமே இல்லாத வெற்றுச் சீட்டு. மை காயாமல் மடித்ததில் எதிர்ப்பக்கச் சின்னத்திலும் ஒரு பதிவு. ஸ்வஸ்திக் முத்திரை கைகொடுப்பது இங்கேதான்: மடிப்பில் விழுந்த பதிவில் சுழற்சி எதிர்த்திசையில் இருக்கும், எது அசல் என்று பிடித்துவிடலாம். நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் பாதி மங்கிய முத்திரையை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, சுற்றிலும் ஏஜெண்டுகள் கழுத்தை நீட்டி நிற்கும்போது ‘செல்லும்’ என்றாலும் சண்டை, ‘செல்லாது’ என்றாலும் சண்டை. சில நூறு ஓட்டுள்ள வார்டில் நாலைந்து சீட்டு முடிவையே புரட்டிவிடும்.

மெஷினில் இந்தப் பஞ்சாயத்தே இல்லை. பொத்தானை எந்த இடத்தில் தொட்டாலும் ஓட்டு ஒருவருக்குத்தான். கடைசியில் ‘டோட்டல்’ அழுத்தி, வரும் எண்ணை 17-சி படிவத்தில் எழுதி ஏஜெண்டுகளுக்கு நகல் கொடுக்கிறோம். எண்ணும் நாளில் அந்த எண் பொருந்த வேண்டும்.

தொல்லை தருவது விவிபேட்தான். வெயில் விழும் ஜன்னலோரம் வைக்கக் கூடாது. பின்பக்கக் குமிழ் எடுத்துச் செல்லும்போது படுக்கையாகவும் ஓட்டுப்பதிவின்போது செங்குத்தாகவும் இருக்க வேண்டும். காலை அவசரத்தில் அது மறந்தால் தலைவலி. சீட்டுக்கு இந்த நோய் எதுவும் கிடையாது. ஆனால் 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டபோது சீட்டே புத்தகமாகிப் போனது. 2024இல் கரூரில் 54 பேர் நின்றபோது நான்கு பேலட் யூனிட் (வேட்பாளர் பொத்தான்கள் உள்ள பெட்டி) வைத்துச் சமாளித்தார்கள்.

சீட்டின் நிஜமான பலம், எண்ணுவதை யாரும் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்பது. ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009இல் அங்கிருந்த மெஷின்களை நிராகரித்ததும் இதே காரணத்துக்காகத்தான். அவற்றில் காகிதச் சான்று இல்லை. நம்மிடம் ஏழு விநாடி கண்ணில் பட்டுப் பெட்டிக்குள் விழும் துண்டுச்சீட்டு இருக்கிறது. சிப்புக்குள் நடப்பதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. காலையில் ஏஜெண்டுகள் முன்னால் 50 மாதிரி ஓட்டாவது போட்டு, துண்டுச்சீட்டோடு ஒப்பிட்டு அழிப்பதுதான் என் அனுபவத்தின் எல்லை.

குறை என்று சொன்னால் அந்தத் துண்டுச்சீட்டை எண்ணும் அளவுதான். சட்டமன்றத் தொகுதிக்கு 5 பூத் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னது. அத்தனையையும் எண்ணக் கேட்ட மனுவை 2024இல் ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்குச் சராசரியாக 300 பூத் அளவில் இருக்கும்போது ஐந்து போதாது. பதினைந்தாக்கினால் முடிவு சில மணி நேரம் தள்ளிப் போகும், போகட்டுமே.