ஃபுட் டிரக் மார்க்கெட்டிங்: ரீல்ஸ் பேக்கேஜா, மேப்பும் வாட்ஸ்அப்புமா?

சென்னையில் ஃபுட் டிரக்குகளுக்கு மார்க்கெட்டிங் செய்து கொடுக்கக் கிளம்புகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, மாதக் கட்டணத்துக்கு எதை விற்பது என்பதைத்தான். ஒன்று, மாதம் 8 ரீல்ஸ் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவது. இன்னொன்று, வண்டியின் கூகுள் மேப் பக்கத்தையும் வாட்ஸ்அப்பையும் தினமும் கவனித்துக்கொள்வது. எங்கள் தேர்வு இரண்டாவது. பல்க் எஸ்எம்எஸ் வேண்டவே வேண்டாம். வணிக எஸ்எம்எஸ்ஸுக்குக் கட்டாயமான டிஎல்டி பதிவு, அனுப்புபவர் பெயரான ஹெடர், முன்கூட்டியே பதிய வேண்டிய செய்தி வாசகமான டெம்ப்ளேட் என்று ஒற்றை வண்டிக்காக அலைவது கட்டுப்படியாகாது.

ரீல்ஸின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எடுக்கும்போது இரண்டு இடத்தில் சறுக்கும். வண்டிக்குள் எரியும் எல்இடி, வீடியோவில் பட்டை பட்டையாக ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் பூட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். பேட்டரி விளக்கென்றால் ஷட்டர் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். அடுத்தது ஜெனரேட்டர் இரைச்சல். கல்லில் மாவு விழும் சத்தத்தை ஃபோனைக் கிட்டே வைத்துத் தனியாகப் பதிவு செய்யுங்கள். பிசினஸ் அக்கவுண்ட்டில் பல சினிமாப் பாட்டுகள் கிடைக்காது. அப்போது இந்தச் சத்தம்தான் கைகொடுக்கும்.

ரீல் போட்டு மூன்று வாரம் கழித்தும் ஓடிக்கொண்டிருக்கும். வண்டி அதற்குள் வேறு இடம் போயிருக்கும். தேடி வந்து வெறும் ரோட்டைப் பார்த்தவர் மறுபடி வரமாட்டார்.

எங்கள் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது, மேப்பையும் வாட்ஸ்அப்பையும் தினமும் கவனிக்கும் அன்றாடப் பராமரிப்புதான். கடை நகராது, வண்டி நகரும். வார நாளில் ஓஎம்ஆர், சனி ஞாயிறு ஈசிஆர். மழை வந்தாலோ, டிராஃபிக் போலீஸ் எடுக்கச் சொன்னாலோ 200 மீட்டர் தள்ளிப்போகும். அந்த நேரத்தில் மாஸ்டர் கையில் மாவு, ஓனர் கல்லாவில். "இன்னைக்கு வண்டி எங்கே?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. ஓனர் உங்களுக்குப் பணம் தருவது அந்தப் பதிலுக்காக.

மேப்பில் இடத்தைக் காட்டும் பின்னைத் தினமும் நகர்த்தாதீர்கள். மறுபடி வெரிஃபிகேஷன் கேட்கும், பக்கம் முடங்கவும் கூடும். வாரத்தில் அதிக நாள் நிற்கும் இடத்தை மட்டும் பதிந்து, அங்கே நிற்காத நாள்களை, குறிப்பிட்ட தேதிக்கு நேரம் மாற்றும் ஸ்பெஷல் ஹவர்ஸில் மூடல் என்று போடுங்கள். நிலையான இடமே இல்லையென்றால் முகவரியை மறைத்து சர்வீஸ் ஏரியா, அதாவது வண்டி போகும் பகுதிகளைக் கொடுக்கலாம், 20 வரை. வெரிஃபிகேஷன் வீடியோவை வெட்டாமல் ஒரே மூச்சில் எடுங்கள்: தெருப் பெயர்ப்பலகை, பக்கத்துக் கடைகள், வண்டியின் பெயர், ஓனர் பூட்டைத் திறப்பது, உள்ளே அடுப்பு, 14 இலக்க எண்ணோடு எஃப்எஸ்எஸ்ஏஐ உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ். மேப் பக்கத்தில் வண்டியின் பெயரோடு "பெஸ்ட் பிரியாணி ஓஎம்ஆர்" என்று ஒட்டவைக்காதீர்கள். ரிவ்யூ போட்டால் ஒரு டீ இலவசம் என்பதும் விதிமீறல். பக்கம் ஓனரின் ஜிமெயிலில் இருக்கட்டும், நீங்கள் மேனேஜராக மட்டும் சேருங்கள். ஒப்பந்தம் முடிந்தால் சண்டை வராது.

வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் ப்ராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றுக்கு 256 பேர்தான். அதுவும் வண்டியின் நம்பரை சேவ் செய்தவருக்கே போய்ச் சேரும். பல வண்டிகளில் கோட்டை விடுவது இங்கேதான். பார்சல் கொடுக்கும் ஜன்னலில், கண் மட்டத்தில் வாட்ஸ்அப் க்யூஆர் ஸ்டிக்கர். அதன் கீழே "நம்பரை சேவ் பண்ணுங்க, வண்டி நிக்கிற இடம் தினமும் வரும்" என்ற ஒரு வரி. சாயங்காலம் 4.30-க்குப் போகும் செய்தி இவ்வளவு போதும்: "இன்று துரைப்பாக்கம், பெட்ரோல் பங்க் எதிரில். 6 முதல் 10.30. மட்டன் சுக்கா 40 பிளேட்." லைவ் லொகேஷன் 8 மணி நேரம் வரை ஓடும், வியாபாரம் முடியும்வரை தாங்கும். ஆனால் அது வண்டியோடு போகும் ஃபோனிலிருந்து கிளம்ப வேண்டும். வண்டிக்குள் சார்ஜர் மாட்டச் சொல்லுங்கள்.

நேரக் கணக்கும் மேப், வாட்ஸ்அப் பக்கமே. ஒரு ரீலுக்கு எடிட்டிங்கோடு 3 மணி நேரம் என்றால் 8 ரீலுக்கு 24 மணி. தினம் 10 நிமிடம் வீதம் 25 நாளுக்கு நாலு மணி நேரம்தான் ஆகிறது. ஒரு குறை: எல்லா வண்டிக்கும் வேலை 4-லிருந்து 6-க்குள் நெருக்கும். ஒரு ஆளுக்கு 10 வண்டிக்கு மேல் எடுக்காதீர்கள்.

கட்டணம் பேசும்போது பிளேட்டில் பேசுங்கள். பிளேட்டுக்கு 30 ரூபாய் லாபம் நிற்கும் வண்டியிடம் 6,000 ரூபாய் கேட்டால், மாதம் 200 பிளேட் கூடுதலாகப் போக வேண்டும், அதாவது நாளுக்கு 8. ஓனர் அதை அன்றைக்கே எண்ணிப் பார்ப்பார். "செய்தி பார்த்து வந்தேன்" என்பவர்களுக்கு பில்லில் ஒரு டிக் போடச் சொல்லிவிடுங்கள்.

புதிதாக ரோட்டுக்கு வரும் வண்டிக்கும், கல்யாண ஆர்டர் பிடிக்க நினைக்கும் வண்டிக்கும் ரீல்ஸ் முந்தக்கூடும் என்றே தோன்றுகிறது. அந்த மாதிரி வண்டிகளை வைத்து அடித்துச் சொல்லும் அளவுக்கு நாங்கள் பார்க்கவில்லை. கேட்பவர்களுக்கு முதல் மாதம் மட்டும் இரண்டு ரீல், தனிக் கட்டணத்தில் எடுத்துக் கொடுக்கலாம்.