நேரோபேண்டா, வைட்பேண்டா?

பெட்ரோல் எஞ்சினை டியூன் செய்ய ஏர்-ஃப்யூவல் மீட்டர் (காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தைக் காட்டும் கருவி) தேடுகிறீர்களா? நேரோபேண்ட், வைட்பேண்ட் என இரண்டு வகை உண்டு. நேரோபேண்ட் விலை குறைவு. காரில் ஏற்கெனவே இருக்கும் ஆக்சிஜன் சென்சாரிலேயே இணைத்துவிடலாம். ஆனால் கலவை 14.7-க்கு (எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று) மேலா கீழா என்பதை மட்டும்தான் அது சொல்லும். சென்சார் தரும் மின்னழுத்தம் 0.45 வோல்ட்டைத் தாண்டினால் ரிச் (பெட்ரோல் அதிகம்), இறங்கினால் லீன் (பெட்ரோல் குறைவு), அவ்வளவுதான்.

ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போதுதான் சிக்கல். டர்போ இல்லாத எஞ்சினுக்கு அப்போது 12.5 முதல் 13 வரை வேண்டும். நேரோபேண்டுக்கு 11-ம் ரிச், 13-ம் ரிச். வைட்பேண்ட் அந்த விகிதத்தை எண்ணாகவே காட்டும். லீனாக ஓடி பிஸ்டன் உருகுவதைவிட இந்தச் செலவு மேல், இதையே வாங்குங்கள். அதில் பாஷ் நிறுவனத்தின் எல்எஸ்யூ 4.9 சென்சார் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், எக்ஸாஸ்ட் பைப்பில் துளையிட்டு, பங் (சென்சாரைத் திருகிப் பொருத்தும் வளையம்) வெல்டிங் செய்து, சென்சாரின் முனை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி பொருத்துங்கள். பைப்பில் சேரும் தண்ணீர் சென்சாரில் தேங்கினால் உள்ளே சூடான செராமிக் விரிசல் விட்டுவிடும்.