காயிலோவர் வேலை: பில்லில் இருந்தது ஒன்று, காரில் இருந்தது வேறு

முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட், பின்னால் மல்டிலிங்க் சஸ்பென்ஷன், பின்சக்கர ஓட்டம் கொண்ட இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். காயிலோவர் செட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த, உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்), முன்பக்க ஸ்வே பார் (வளைவில் சாய்வைக் குறைக்கும் கம்பி), ஆர்ம் புஷ் (சஸ்பென்ஷன் கைகளின் மூட்டில் உள்ள ரப்பர்) மாற்றுதல், கார்னர் பேலன்ஸ் (நான்கு சக்கரங்களின் மேல் விழும் எடையைச் சரிசெய்தல்), வீல் அலைன்மென்ட் என எல்லாவற்றுக்கும் பில் போட்டுக் கொடுத்திருந்தது கடை. வண்டி வெளியே வந்த நாளிலிருந்தே சின்னப் பள்ளத்தில்கூட இடி. இடது வளைவில் ஒரு குணம், வலது வளைவில் வேறு குணம். அழுத்திப் பிரேக் பிடித்தால் வலது முன்சக்கரத்தில் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) முந்திக்கொள்கிறது. “ஸ்போர்ட்ஸ் செட்டப் என்றால் கட்டையாகத்தான் இருக்கும், ஓட்ட ஓட்டப் பழகிவிடும்” என்பது கடையின் பதில். காரைத் தூக்கி, கழற்றி, அளந்து பார்த்ததில் தெரிந்தவை இங்கே. இப்படி ஏமாற்றும் கடை இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம்.

முதலில் ஸ்பிரிங். முன்பக்கம் மில்லிமீட்டருக்கு 8 கிலோ, அதாவது ஒரு மி.மீ அமுங்க 8 கிலோ எடை வேண்டும் என்று பில் சொல்கிறது. ஸ்பிரிங் மேல் அச்சடித்த எண்ணை நம்பத் தேவையில்லை, வெர்னியர் போதும். கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கை எஃகின் விறைப்பு எண்ணான 79,000-ஆல் பெருக்குங்கள். அதை, சுருளின் சராசரி விட்டத்தின் மூன்றாம் அடுக்கு × வேலை செய்யும் சுற்றுகள் × 8 என்பதால் வகுத்தால் மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வரும். இரு முனையும் தட்டையாக அரைத்த ஸ்பிரிங் என்றால் மொத்தச் சுற்றில் 2 கழித்துக்கொள்ள வேண்டும். இந்தக் காரில் உள்விட்டம் 65 மி.மீ, சராசரி விட்டம் 76, வேலை செய்யும் சுற்று 6, பெயிண்ட் நீக்கிக் கம்பித் தடிமன் 11 மி.மீ. விடை சுமார் 55 நியூட்டன், அதாவது 5.6 கிலோ. இதே உள்விட்டத்தில் கம்பி மட்டும் 12 மி.மீ ஆக இருந்திருந்தால் (சராசரி விட்டம் 77 ஆகும்) 7.6 கிலோ வந்திருக்கும். ஒரு மில்லிமீட்டர் கம்பியில் இவ்வளவு வித்தியாசம். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், அதுதான் அவர்களுக்கு வசதி.

ஸ்பிரிங் மெத்தென்று இருக்கிறது என்றால் வண்டி ஏன் இடிக்கிறது? முன்பக்க ஒரு மூலையில், சக்கரம், பிரேக் எடை போகச் சுமார் 290 கிலோ ஸ்பிரிங்கில் உட்காருகிறது. 8 கிலோ ஸ்பிரிங் அதற்கு 36 மி.மீ அமுங்கும், 5.6 கிலோ ஸ்பிரிங் 52 மி.மீ அமுங்கும். ஆக, சக்கரம் மேலே ஏற இருந்த பயணத்தில் நின்ற இடத்திலேயே 16 மி.மீ போய்விட்டது. போதாததற்கு, கீழ் பிராக்கெட்டைத் திருகி உயரம் குறைக்க வேண்டிய ஷாக்கில் ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டை இறக்கிக் குறைத்திருக்கிறார்கள். அப்படி இறக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் மேல்நோக்கிய பயணத்திலிருந்தே கழிகிறது. மிச்சமிருந்தது பயணத்தின் முடிவில் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப் மட்டும். வண்டியைக் கட்டையாக்கியது ஸ்பிரிங் அல்ல, அந்த ரப்பர்தான். வளைவில் சாயும்போது வெளிப்பக்கம் அதில் போய் மோதியதும் முன்சக்கரப் பிடிப்பு சட்டென்று நழுவி, வண்டி நேராகவே போகப் பார்க்கும்.

இதைக் கழற்றாமலே கண்டுபிடிக்கலாம். ஷாக் தண்டில் ஒரு கேபிள் டை மாட்டி, ஷாக்கின் உடம்பை ஒட்டிக் கீழே தள்ளிவிட்டு, வழக்கமான சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். டை பம்ப் ஸ்டாப் வரை ஏறியிருந்தால் பயணம் போதவில்லை.

அடுத்து டேம்பர் கிளிக், அதாவது ஷாக்கின் இறுக்கத்தை மாற்றும் திருகின் படிகளைப் பாருங்கள். முழுவதும் மூடிய நிலையை பூஜ்யமாக வைத்து அங்கிருந்து திறந்து எண்ண வேண்டும், மெதுவாக, பலம் கொடுக்காமல். இந்தக் காரில் நான்கும் மூடியே கிடந்தன. டியூனிங் என்று எழுதியதெல்லாம் வெறும் எழுத்து. ரிபவுண்ட் (அமுங்கிய ஷாக் திரும்ப விரிவது) இவ்வளவு இறுகினால் அடுத்தடுத்த மேடுகளில் சக்கரம் கீழே திரும்பி வர நேரமில்லாமல் வண்டி படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போகும். அதுவும் பம்ப் ஸ்டாப்பில்தான் முடியும். ஒரு ஷாக் தண்டில் கட்டிங் பிளேயர் பல் பதிந்திருந்தது. அந்தக் கீறல் சீலை அறுத்து எண்ணெய் கசியவிடும். மேல் நட்டை முடுக்க, தண்டை அதன் தலையில் உள்ள ஆலன் கீயால் பிடிக்க வேண்டும், இம்பாக்ட் கன் வைக்கவே கூடாது.

புஷ் எல்லாம் புதியவை, அதில் பொய்யில்லை. ஆனால் காரை லிஃப்டில் தொங்கவிட்டே போல்ட்களை முடுக்கியிருக்கிறார்கள். ரப்பர் புஷ் உள்குழலோடு ஒட்டியது, அது சுழலாது, முறுக்கத்தான் செய்யும். சக்கரம் தரையில் எடை தாங்கி நிற்கும் உயரத்தில் முடுக்கினால்தான் ஓய்வு நிலையில் முறுக்கு இருக்காது. ராம்ப் மேல் நிறுத்தி ஆர்ம் போல்ட்டைத் தளர்த்தியபோது, ‘டக்’கென்று விடுபட்டு உயரமே மாறியது. அப்படியே விட்டிருந்தால் ரப்பர் விரைவில் கிழிந்திருக்கும்.

ஸ்வே பாரைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்கும் அதே கதை. சமதரையில் நிற்கும்போது கடைசி போல்ட் கையாலேயே நுழைய வேண்டும். இங்கே கம்பி வைத்து நெம்ப வேண்டியிருந்தது.

கார்னர் பேலன்ஸுக்குத் தாள் எதுவும் தரவில்லை. ஓட்டுநர் எடைக்கு மூட்டை, பாதி டேங்க், சரியான டயர் காற்று, ஸ்வே பார் ஒரு பக்கம் கழற்றிய நிலை என்று வைத்து எடை போட்டதில் இடது முன் 340, வலது முன் 310, இடது பின் 300, வலது பின் 350. வலது முன்னும் இடது பின்னும் சேர்த்து 610, மொத்தம் 1,300-இல் 46.9 சதவீதம். 50-க்கு அருகில் கொண்டுவருவதற்குப் பெயர்தான் கார்னர் பேலன்ஸ். வலது முன்சக்கரம் ஏன் முதலில் வழுக்கியது என்பதற்கும் விடை இதில் இருக்கிறது: அதன்மேல் எடை குறைவு. ஒரு விஷயம்: ஸ்பிரிங் தட்டைத் திருகி மூலைவிட்ட எடையைத்தான் மாற்றலாம். “இடது வலது எடையையும் சமமாக்கிவிட்டோம்” என்று யாராவது சொன்னால் அங்கேயே சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்.

அலைன்மென்ட் தாளில் வேலைக்கு முந்தைய அளவு காலி. உயரமும் மூலை எடையும் முடிந்த பிறகு கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்), அதன்பின் டோ (சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) என்பதுதான் வரிசை. கேம்பரைத் தொட்டால் டோ நகரும். பின்சக்கரம் டோ அவுட்டில், அதாவது முன்விளிம்பு வெளிப்பக்கம் திரும்பி இருந்தது, வேகத்தில் அது ஆபத்து. ஸ்டியரிங் கோண சென்சாரையும் பூஜ்யம் செய்யவில்லை.

வேலை கொடுக்கும் முன் மூன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: மேல்நோக்கிய பயணம் எத்தனை மி.மீ மிச்சம், மூடிய நிலையிலிருந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் எத்தனை கிளிக், ஓட்டுநர் எடையோடு நான்கு மூலை எடை. பணம் கொடுக்கும் முன் ஸ்பிரிங் தட்டைப் பூட்டும் லாக் ரிங்குகளிலும் ஆர்ம் போல்ட்களிலும் பெயிண்ட் கோடு போடச் சொல்லி, 200 கிலோமீட்டர் ஓடியதும் கோடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள்.