குலுக்கலா, கூட்டமா? கடலூர் வெள்ளத்தை யாரிடம் கேட்பது

எங்கள் வார்டில் நடந்த பகுதி சபைக் கூட்டத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். சும்மா இருக்காமல் தலைகளை எண்ணினேன்: இருபத்தேழு. ஒன்பது பேர் கவுன்சிலரோடு வந்தவர்கள், ஆறு பேர் ஊழியர்கள். மிச்சம் இருந்தவர்களில் முக்கால்வாசி என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். பெண்கள் மூன்றே பேர். முப்பது வயதுக்குக் கீழே ஒருவர்கூட இல்லை. தெருவிளக்கு, நாய்த் தொல்லை, சாக்கடை அடைப்பு என்று ஒரு மணி நேரம் ஓடியது. கெடிலம் ஆறு அடுத்த முறை கரை மீறினால் தண்ணீர் எந்தப் பக்கம் போகட்டும் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். என் தெருச் சாக்கடையைப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தக் கூட்டத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சாக்கடையைப் பேச அதைவிட நல்ல இடம் கிடையாது. ஊரின் அடுத்த முப்பது வருடத்தைப் பேசவும் அதுதான் இடமா என்பதில்தான் சந்தேகம். வெளிநாடுகளில் சில ஊர்கள் வேறொரு வழியைப் பிடித்திருக்கின்றன. குலுக்கல் போட்டுச் சாதாரண ஜனங்களை எடுக்கிறார்கள். சில வாரம் உட்கார வைத்து, விஷயம் தெரிந்தவர்களை வரவழைத்துப் பேசச் சொல்லி, கடைசியில் 'வெயிலும் மழையும் மாறிவிட்ட காலத்தில் நம் ஊர் என்ன செய்யலாம், சொல்லுங்கள்' என்று கேட்கிறார்கள். நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் வழிகளுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்ப்போம்.

முதலில், எதைப் பற்றிய முடிவு என்பது தெளிவாக வேண்டும். 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 மழை என்று கடலூர்க்காரர்களுக்குத் தேதிகள் மனப்பாடம். கடைசியாக 2024 ஃபெஞ்சல். புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அங்கே ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. நமக்குப் பெரிய அடி அதற்கப்புறம், மேற்கிலிருந்து வந்தது. சாத்தனூர் அணையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் ஓடிவந்து குண்டு உப்பலவாடி, நாணமேடு, தாழங்குடா பக்கமெல்லாம் புகுந்தது.

கரையை உயர்த்துங்கள் என்பது உடனே வருகிற கோரிக்கை. ஒரு பக்கம் உயர்த்தினால் தண்ணீர் எதிர்ப்பக்கம் ஏறும். கடல் அரிப்புக்கும் இதே கதைதான். ஒரு குப்பத்தில் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போட்டால் அங்கே மணல் சேரும், வடக்கே அடுத்த குப்பத்தில் கரை தேயும். புதுச்சேரியில் எண்பதுகளில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய தடுப்புச் சுவர், வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தது. நகரத்துக் கடற்கரையில் மணலே இல்லாமல் பாறாங்கல்லாகக் கிடந்ததை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அரிப்பு அங்கேயும் நிற்காமல் விழுப்புரம் மாவட்டக் குப்பங்கள் வரை போனது. ஆக, இவை 'செய்து கொடுங்கள்' என்று கேட்டு வாங்குகிற காரியங்கள் அல்ல. நஷ்டம் யார் தலையில் விழட்டும் என்று தீர்மானிக்கிற காரியங்கள்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கும் வழியை இதில் சேர்க்கவே வேண்டாம். பட்டாவுக்கும் உதவித்தொகைக்கும் அது உயிர்நாடி. எதிர்க்கரைக்காரரின் மனுவும் அதே மேசைக்கு வந்திருக்கும் என்பது நமக்குத் தெரியப்போவதில்லை.

பகுதி சபை கொஞ்சம் மேல். 2022இல் விதிகள் வந்து, அந்த வருடம் நவம்பர் 1 உள்ளாட்சி நாளன்று முதல் கூட்டங்கள் நடந்தன. கிராமசபை கிராமத்துக்கு என்றால் இது நகரத்துக்கு. கவுன்சிலரை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்கலாம் என்பதே பெரிய விஷயம். பக்கத்திலிருக்கும் புதுச்சேரியைப் பாருங்கள். 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவர்கள் பதவிக்காலம் 2011இல் முடிந்ததோடு சரி, நகராட்சிக்கும் கொம்யூன் பஞ்சாயத்துக்கும் தேர்ந்தெடுத்த ஆளே கிடையாது. அந்த விதத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். ஆனாலும் 45 வார்டு 45 கூட்டமாக உட்கார்ந்தால் 45 முறை 'எங்கள் பக்கம் தண்ணீர் வரக் கூடாது' என்ற ஒரே தீர்மானம்தான் வரும். வார்டு எல்லையும் வெள்ளத்தின் எல்லையும் ஒன்று கிடையாதே.

அப்புறம் கருத்துக்கேட்புக் கூட்டம். சிப்காட் இருக்கிற ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, குறிப்பிட்ட வகைத் திட்டங்களுக்கு அனுமதி கொடுப்பதற்கு முன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதை ஏற்பாடு செய்ய வேண்டும். முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும், ஆட்சியரோ அவர் சார்பில் அதிகாரியோ தலைமை தாங்க வேண்டும், நடப்பதை வீடியோ எடுக்க வேண்டும். நல்லதுதான். அதே அறிவிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது: கூட்டம் தொடங்கக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஓட்டெடுப்பும் கிடையாது. பந்தலில் இரண்டு தரப்பும் ஆள் திரட்டி வந்து உட்காரும். மைக்கைப் பிடித்தவர் பேசுவார், கைதட்டலும் கூச்சலும் மாறி மாறி வரும். ஒருவர் பேச்சைக் கேட்டு இன்னொருவர் மனம் மாறியதை நான் பார்த்ததில்லை. திட்டம் முழுதாகத் தயாரான பிறகுதான் நம்மைக் கூப்பிடுகிறார்கள், அப்படியிருக்க மாறுவதற்கு என்ன இருக்கிறது? இருந்தாலும் இதை விட்டுக்கொடுக்க மாட்டேன். பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகிறவர் கையில் இருக்கும் சட்டப்படியான ஆதாரம் அந்தப் பதிவுதான். இப்படிப்பட்ட ஆதாரம் குலுக்கல் சபையிலிருந்து கிடைக்காது.

மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் முடிவெடுத்தால் முடிவு நிற்கும் ஒரே சபை அதுதான். கூடி முடிவு செய்துவிட்டால் மறுநாள் ஒரு படகு கடலில் இறங்காது. தலைக்கட்டு வரி வாங்குவார்கள், சண்டை தீர்ப்பார்கள், சுனாமிக்குப் பிறகு வந்த நிவாரணத்தைப் பங்கு பிரித்ததில் அவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. எந்தக் குலுக்கலுக்கும் அந்த அதிகாரம் வராது. ஆனால் தலைக்கட்டு என்பது ஆண் கணக்கு. மீனைக் கூடையில் தூக்கி ஊர் ஊராக விற்கும் பெண் அந்தத் திண்ணையில் உட்காருவதில்லை. பக்கத்து ஊர்த் தலித் குடும்பத்துக்கும் அங்கே இடமில்லை. தூண்டில் வளைவு எங்கள் குப்பத்துக்கு வேண்டும் என்று தேவனாம்பட்டினம் ஒருமனதாகச் சொல்லலாம். வடக்கே தாழங்குடாவில் அதைப் பற்றி என்ன சொல்வார்கள் என்பது வேறு பஞ்சாயத்து.

சரி, குலுக்கல் என்ன செய்து காட்டியிருக்கிறது?

எனக்குப் பிடித்த உதாரணம் பாரிஸோ லண்டனோ அல்ல, போலந்தில் இருக்கும் கதான்ஸ்க். நம்மைப் போலவே கடலோரத் துறைமுக ஊர். 2016 ஜூலையில் பெருமழையில் மூழ்கியது. அடுத்த பெருமழைக்கு நகரம் எப்படித் தயாராவது என்ற ஒரே கேள்வியோடு, குலுக்கலில் எடுத்த அறுபது பேர் அளவில் ஒரு சபையை உட்கார வைத்தார்கள். நிபுணர்கள், நகராட்சி ஆட்கள், வெள்ளத்தில் அடிபட்டவர்கள் எல்லோரையும் அவர்கள் விசாரித்தார்கள். எண்பது சதவீதம் பேர் ஒப்புக்கொண்ட பரிந்துரையை நிறைவேற்றியே தீருவேன் என்று மேயர் முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருந்தார். அந்த 'முன்கூட்டியே' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிரான்ஸ் அதற்கு நேர்மாறு. 2019 அக்டோபரில் காலநிலையைப் பற்றிப் பேசக் குலுக்கலில் வந்த 150 பேர் உட்கார்ந்து 2020 ஜூனில் 149 பரிந்துரை கொடுத்தார்கள். மூன்றைத் தவிர மற்றதை ஏற்கிறேன் என்றார் அதிபர் மக்ரோன். சட்டம் உருவாக உருவாக ஒவ்வொன்றாக இளைத்தது. 2021இல் அதே உறுப்பினர்கள் திரும்பக் கூடி, எங்கள் பரிந்துரைகளை அரசு நடத்திய விதத்துக்குப் பத்துக்கு 3.3 மதிப்பெண் என்று ரேங்க் கார்டு கொடுத்தார்கள். தோல்விதான். ஆனால் பந்தலில் மைக் பிடித்துப் பேசிவிட்டுப் போனவர்கள் பிறகு இப்படித் திரும்ப வந்து கணக்குக் கேட்டதாக நம் பக்கத்தில் எனக்கு நினைவில்லை.

அயர்லாந்தைப் பார்த்தால்தான் எனக்கு ஆச்சரியம். 2017இல் குலுக்கலில் வந்த 99 பேரில் எண்பது சதவீதம் பேர், புகை அதிகம் விடும் காரியங்களுக்குக் கூடுதல் வரி கட்டத் தயார் என்று ஓட்டுப் போட்டார்கள். தேர்தலில் நிற்கிற எவராவது மேடையில் இதைச் சொல்வாரா? அடுத்த தேர்தல் பயம் இல்லாதவர்கள், நாலு நாள் உட்கார்ந்து கேட்டவர்கள், தங்களுக்கே செலவு வைக்கும் முடிவைச் சொன்னார்கள். நஷ்டத்தைப் பங்கு பிரிக்கும் கேள்விக்கு இந்த ஒரு குணம்தான் மற்ற எல்லா வழியிலும் குறைகிறது.

இதற்குள் யாராவது 'இது நம்ம குடவோலைதானே' என்று ஆரம்பித்திருப்பீர்கள். ஆமாம், முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, 919, 921. முப்பது குடும்புகளில், அதாவது வார்டுகளில், பெயர் எழுதி ஓலையைக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனைவிட்டு எடுக்கச் சொன்னார்கள். அதில் ஆறு பேர் கொண்ட ஏரி வாரியமும் உண்டு. ஆயிரத்து நூறு வருடம் முன்னால் தண்ணீர் நிர்வாகத்துக்குக் குலுக்கல் போட்ட ஊர் நம்முடையது. பழைய கணக்கைக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்திலேயே போடக் கூடாது என்ற விதியை இன்றைக்கும் கடன் வாங்கலாம். பெருமையை இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. யார் பெயர் குடத்துக்குள் போகலாம்? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பெண்ணுக்கும் உழுதவருக்கும் ஓலையே கிடையாது. பையன் கையை எவ்வளவு நேர்மையாகவும் விடட்டும், குடத்தில் இல்லாத பெயர் எப்படி வெளியே வரும்?

எனவே நம் ஊரில் குலுக்கல் வேண்டும் என்று சொல்பவரிடம் நான் முதலில் கேட்பது பட்டியலைத்தான். வாக்காளர் பட்டியல் என்றால் சிப்காட்டில் வேலை செய்யும் வடமாநிலப் பையன் இருக்க மாட்டான். பதினாறு வயதுப் பெண் இருக்க மாட்டாள், 2050இல் இந்த ஊரில் வாழப்போவது அவள்தான். கடிதம் போட்டு வர விருப்பமா என்று கேட்டால், விருப்பமுள்ளவர்களே பதில் போடுவார்கள். பிரிட்டனில் 2020இல் கூடிய சபைக்கு 108 பேரைச் சேர்க்க 30,000 வீடுகளுக்குக் கடிதம் போக வேண்டியிருந்தது. அதற்காகத்தான் வயது, பால், படிப்பு, வட்டாரம் என்று பிரித்து, காலநிலை மாற்றத்தைப் பற்றிக் கவலைப்படாதவர்களையும் அளவு பார்த்துச் சேர்த்தார்கள்.

கூலி அடுத்த கேள்வி. முதுநகரில் எனக்குப் பல வருடமாக மீன் கொடுக்கும் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். ஊர் நல்லதுக்குக் கூப்பிட்டால் வருவீர்களா என்றேன்.

"எத்தினி நாளு சார்?"

"ஆறு சனி, ஞாயிறு இருக்கும். சாப்பாடு உண்டு."

"சோறு போடுவீங்க சரி. ஞாயித்துக்கிழமை யாவாரத்த யாரு குடுப்பா?"

ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு வாரத்தின் பெரிய வியாபாரம். எனக்கு அது தோன்றவே இல்லை. வார நாளில் வைத்தால் அவர் வருவார், கம்பெனிக்குப் போகிறவர் வர மாட்டார். ஒரு நாள் வருமானத்தைக் குறையாமல் கையில் கொடுக்காத குலுக்கல் சபை, இன்னொரு ஓய்வூதியர் சங்கமாகத்தான் முடியும்.

எல்லை மூன்றாவது. தென்பெண்ணையின் தென்கரை கடலூர். எதிரே வடகரையில் புதுச்சேரியின் பாகூர் கொம்யூன். வெள்ளம் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் ஏறுகிறது. மாநகராட்சிப் பட்டியலை மட்டும் குலுக்கினால், எதிர்க்கரையில் கரையைத் தாழ்த்தலாம் என்று நம் சபை ஒருமனதாகப் பரிந்துரைத்தாலும் ஆச்சரியமில்லை! பாகூர்க்காரர் ஓலையும் அதே குடத்துக்குள் விழ வேண்டும். அதற்கு இரண்டு அரசாங்கம் கையெழுத்துப் போட வேண்டும்.

என் கணக்கு இப்படி வருகிறது. சாக்கடைக்கும் செலவுக் கணக்குக்கும் பகுதி சபை. தொழிற்சாலை அனுமதிக்குக் கருத்துக்கேட்பு, அதன் சட்ட பலத்தைத் தொடக் கூடாது. தூண்டில் வளைவு விஷயத்தில் குப்பங்களை ஒதுக்கிவிட்டுத் தனித்தனி ஆளாகக் குலுக்கினால் மீனவர்கள் ஏற்கவும் மாட்டார்கள், ஏற்கவும் தேவையில்லை. அங்கே பஞ்சாயத்துக்காரர்கள் சபை முன்னால் வந்து வாதம் வைக்கட்டும், முடிவில் அவர்கள் ஒப்புதலும் இருக்கட்டும். குலுக்கல் சபைக்கு ஒரே ஒரு கேள்வியைக் கொடுப்பேன்: அடுத்த வெள்ளத்தில் தென்பெண்ணை பரவிக்கொள்ள இரண்டு கரையிலும் எந்த நிலத்தை விடுவது, அந்த நிலத்துக்காரருக்கும் அதில் கூலி வேலை செய்பவருக்கும் என்ன கொடுப்பது? மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது. பரிந்துரை அங்கே போகட்டும். எதை ஏற்கிறோம், எதை மறுக்கிறோம், ஏன் என்று எழுத்தில் பதில் தருவோம் என்று முதல் ஓலை எடுப்பதற்கு முன்பே அவர்கள் சொல்லிவிட வேண்டும். அந்த வாக்கு இல்லை என்றால் மீன்கார அம்மாவின் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

அதுவரை அடுத்த பகுதி சபைக்கும் போவேன். சாக்கடை இன்னும் அடைத்தபடிதான் கிடக்கிறது.